பெரியாக்களுக்கு முதல் ஒரு வேலை குடுங்கோ: முத்தத்துப் பெயின்ற்றும் சின்னாக்களும்

இந்த லீவுக்கு யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில சின்னப்பிள்ளையளுக்கு, மண்ணிலயும் பூவிலயும் நாங்களே பெயின்ற் செய்து, ஒரு ஆர்ட் வேர்க்சொப் மாதிரி ஒண்டு வச்சனாங்கள். மூண்டு வயசில இருந்து ஏழு வயசு வரைக்கும், ஒழுங்கைக்குள்ள இருக்கிற பிள்ளையளும் மகளோட நேர்சரிக்குப் போற கொஞ்சப்பேரும், எல்லாமாப் பத்துப் பன்னெண்டு உருப்படி. போட்டோவை வட்ஸ்அப்பில போட்டாப் பிறகு பெயின்ற் என்னத்தில செய்தனியள், எங்க இருத்தினனியள், சேட்டில பட்டது போகுமோ எண்டு ஒவ்வொருத்தரும் தனித்தனியாக் கேக்கினம். எல்லாருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை கட்டினதுதான் மிச்சம், அதால இஞ்ச ஒரேயடியா எழுதி விடுறன்.

கடைப் பெயின்ற் கூடாது எண்டு நான் சொல்ல வரேல்லை. பெரிய பிள்ளையளுக்கு அது நல்லம். ஆனா மூண்டு வயசுக்குக் கை போற இடம் வாய்தான், அது ஒண்டு. மற்றது, காசு குடுத்து வாங்கின பெயின்ற் எண்டால் எங்களுக்கே கை இறுகும், ஒரு சொட்டு நிலத்தில விழுந்தவுடன "காணும் காணும், வீணாக்காதை" எண்டு வாய் தானா வரும், பிள்ளை அதோட சுருண்டிடும். வாளிக் கணக்கில இருந்தா நாங்களும் பேசாமல் இருப்பம். வீட்டுக்கு அடிச்சு மிஞ்சின பேணி இருக்குத்தானே எண்டு ஒராள் கேட்டவா. அதை மட்டும் எடுக்காதேங்கோ. எனாமல் பெயின்ற்றும் தின்னர் மணமும் சின்னாக்களுக்கு ஆகாது, பழைய பேணியெண்டா ஈயம் இருக்கவும் கூடும், ஈயம் பிள்ளையளின்ர மூளையைத்தான் முதல் பிடிக்கிறது.

முதல் எல்லாத்துக்கும் பொதுவான பசையைச் சொல்லுறன். ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத்தண்ணியில கட்டி இல்லாமல் கரைச்சு வைக்கிறது. வேற சட்டியில மூண்டு கப் தண்ணியைக் கொதிக்க விட்டு, கொதிக்கிற தண்ணிக்குள்ள அந்தக் கரைசலை மெல்ல மெல்ல ஊத்திக்கொண்டு மற்றக் கையால அகப்பையை விடாமல் கிண்ட வேணும். வெறும் வெள்ளையா இருந்தது ரண்டு மூண்டு நிமிசத்தில மினுங்கத் தொடங்கி அகப்பையை இழுக்கும். மாச்சத்து அறுபது பாகை தாண்டினாப் பிறகுதான் தண்ணியைக் குடிச்சு ஊதித் தடிக்கிறது, அதால சூடு காணாட்டி எவ்வளவு கிண்டினாலும் அது பசையாகாது, வெறும் மாத்தண்ணிதான். ஆடிக்கூழ்ப் பதம் வந்தவுடன இறக்கி ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, ஆறுமட்டும் இடைக்கிடை கிண்டி விட்டால் ஏடு கட்டாது. பிரிஜ்ஜுக்குள்ள மூடி வச்சா ரண்டு நாள் தாங்கும், வெளியில எண்டால் எங்கட வெக்கைக்கு அடுத்த நாளே புளிச்ச மணம் வந்திடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளையள் இருக்கினமோ எண்டு தாய்மாரிட்ட முதலே கேட்டு வையுங்கோ, அப்பிடி ஆரும் இருந்தா அரிசிமாவில காய்ச்சலாம், கொஞ்சம் சொரசொரப்பா வரும், அவ்வளவுதான்.

இனி நிறம். இதில எனக்கு ஆசையான வேலை செம்பாட்டு மண்தான். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இது காலடியில கிடக்கு, வெள்ளைச்சேட்டோட பள்ளிக்கூடம் போய் வந்த எல்லாருக்கும் அதின்ர சாயம் எப்பிடிப் பிடிக்கும் எண்டு தெரியும். மண்ணைத் தோட்டத்துக்குள்ள எடுக்காதேங்கோ. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிச்ச மருந்தெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். நாங்கள் பக்கத்து வளவில அத்திவாரம் வெட்டிக் குவிச்ச இடத்தில, மேல் மண்ணை விலத்தி அடிமண்ணில ஒரு பை அள்ளினது. அதை வெயிலில பரப்பிக் காயவிட்டு, வேரும் கல்லும் பொறுக்கி, பழைய அலுமினியச் சட்டியில நல்லா வறுத்து எடுத்தனான். வறுக்கச் சொன்னது அம்மா, புழு பூச்சி முட்டை கிடந்தா அது சாகட்டும் எண்டு. ஆனா வறுக்க வறுக்க நிறமும் இன்னும் சிவந்துகொண்டு வந்தது. மண்ணில இரும்புத்துரு ரண்டு வகையா இருக்கு, மஞ்சளா இருக்கிற வகை சூட்டில தனக்குள்ள இருக்கிற தண்ணியை விட்டிட்டுச் சிவப்பா மாறுது, அதுதான் காரணம். செங்கல்லைச் சூளையில வச்சாச் சிவக்கிறதும் இதாலதான்.

வறுத்த மண்ணை அப்பிடியே பசையில கலந்தாக் கடதாசியில நற நற எண்டு மணல் உரஞ்சும், பிறஷ்சும் போயிடும். அதால அலசி எடுக்க வேணும். ஒரு வாளித் தண்ணிக்குள்ள மண்ணைக் கொட்டிக் கையால நல்லாக் கலக்கி, இருபது முப்பது எண்ணுமட்டும் பேசாமல் விடுங்கோ. கையை விட்டுப் பாத்தா அடியில மணல் படியிறது விரலுக்குத் தெரியும், மேல நிக்கிறது சிவப்புத் தண்ணி. அந்தத் தண்ணியை மட்டும் சரிச்சு மற்ற வாளிக்குள்ள ஊத்தி, பழைய வேட்டித்துண்டால வடிச்சு, இரவிரவா ஆடாமல் அசையாமல் விட்டிட வேணும். காலமை பாத்தா மேல தெளிஞ்ச தண்ணி, அடியில வெண்ணெய்ப் பதத்தில ஒரு சேறு. மேல் தண்ணியை ஊத்திப்போட்டு அந்தச் சேத்தை வழிச்சு எடுத்தா அதுதான் நிறம். விரலுக்கு இடையில உரஞ்சிப் பாருங்கோ, ஒரு மணல் கூட அம்பிடாது. ஒரு பங்கு சேத்துக்கு ரண்டு பங்கு பசை. இவர் வேலையால வந்து வாளியை எட்டிப்பாத்திட்டு "இதென்ன, மேசன் வேலை தொடங்கிட்டீரோ" எண்டிட்டுப் போனவர்.

கறுப்புக்கு ஊமல்கரி. பனங்கிழங்கு கிண்டின பிறகு மிஞ்சுற காஞ்ச பனங்கொட்டைதான் ஊமல், எங்கட வீட்டில அதை எறியிறேல்லை, அம்மா எரிச்சுக் கரியாக்கி வைப்பா. ஊமல் இல்லாதவை சிரட்டைக்கரி எடுங்கோ, அதுவும் நல்ல கறுப்பு. கரியை உலர இடிச்சா மூக்கு முகமெல்லாம் தூள் பறக்கும், துணியில முடிஞ்சு போத்தலால உருட்டி நொருக்கிப்போட்டு, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துக் கரண்டியின்ர முதுகால நசிச்சு நசிச்சுக் கலக்க வேணும். வெறும் தண்ணியில கரி சேராது, மேல மிதக்கும். அம்மியில அரைக்கலாம் எண்டு பாத்தா, அம்மியில கை வைச்சியோ தெரியும் எண்டு அம்மா சொல்லிப்போட்டா.

மஞ்சள் எல்லாத்திலும் லேசு, கறிக்குப் போடுற மஞ்சள்தூள்தான். அது தண்ணியில கரையிற சாமான் இல்லை, அடியில படிஞ்சுகொண்டே இருக்கும், அதால கப்புக்குள்ள குச்சி ஒண்டு போட்டு வச்சா ஆராவது கிண்டிக்கொண்டு இருப்பினம். நீலத்துக்கு வேலியில நிண்ட சங்குப்பூ, பச்சைக் காம்பை எடுத்துப்போட்டு இதழை மட்டும் கை நிறைய அள்ளிச் சுடுதண்ணி கொஞ்சமா விட்டு ஊற வைச்சது. வடிவான நீலம், ஆனா பசையோட சேந்தா மங்குது, அதால அதை மட்டும் தண்ணிக் கலரா விட்டனான். பீட்றூட்டைத் துருவிப் பிழிஞ்சு ஒரு ரோசா நிறம். பச்சைதான் பாடாய்ப் படுத்தினது. பசளியையும் முசுட்டையையும் அரைச்சுப் பாத்தா அண்டைக்குப் பச்சையா இருக்கு, காஞ்சாக் காச்சலில கிடந்த ஆளின்ர நிறம். கடைசியாச் சங்குப்பூத் தண்ணிக்குள்ள துளி மஞ்சள் விட்டுத்தான் ஒரு மாதிரி ஒப்பேத்தினது.

பனங்காயை மறந்துபோனன். ஆவணி எண்டபடியாப் பழம் தொப்புத் தொப்பெண்டு விழுந்துகொண்டு இருந்தது. தோலை உரிச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு களியை எடுத்தா அப்பிடி ஒரு செம்மஞ்சள், அதுக்குப் பசையே தேவையில்லை, தானே தடிப்பு. களி எடுத்தாப் பிறகு தும்போட மிஞ்சுற பனங்கொட்டை இருக்கே, அதுதான் அண்டைக்குச் சண்டை பிடிச்சு எடுத்த பிறஷ். மூண்டு வயசுப் பிள்ளைக்கு மெல்லிய பிறஷ் பிடிக்க வராது, முழுக் கையாலயும் பொத்திப் பிடிக்கிறதுதான் அந்த வயசுப் பிடி, பனங்கொட்டை அதுக்கெண்டே செய்து வச்ச அளவு. தும்பு முழுக்க நிறத்தில தோய்ச்சு இழுத்தா ஒரே இழுவையில நூறு கோடு விழும். இதைப் பாத்திட்டு முன்வீட்டு ஆச்சி, "நாங்கள் பனங்காய் போட்டு உடுப்புத் தோய்ச்சனாங்கள், இதுகள் உடுப்பில அப்புறதுக்கு எடுக்குதுகள்" எண்டா. களியில பாதி வாய்க்குள்ள போனதையும் சொல்ல வேணும், அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இனிப்புக்கு எறும்பு வரும், அதால இந்தக் கப்பை மட்டும் ஒரு தட்டில தண்ணி விட்டு அதுக்கு நடுவில வச்சிருந்தனான்.

கலர் வைக்கிறதுக்கு யோகட் கப் கழுவிச் சேத்து வச்சிருந்தம். தனியா வச்சாச் சரியும், அதால பால்மாப் பெட்டியைப் படுக்க வச்சு வட்டமா ஓட்டை வெட்டி, கப்பை அதுக்குள்ள இறக்கினா ஆர் தட்டினாலும் விழாது. பழைய கதவு ஒண்டை ரண்டு பக்கமும் கல்லு வச்சு முழங்கால் உயரத்துக்குப் போட்டது மேசை. கீழ படங்கு, படங்குக்கு மேல பழைய சாறம். வெறும் படங்கு தண்ணி பட்டா வழுக்கும், சாறம் விரிச்சா உறிஞ்சும். கதிரை ஒண்டும் போடேல்லை, சின்னாக்கள் நிண்டும் குந்தியும் படுத்தும்தான் கீறுவினம்.

எங்கட வீடுகளில முதல் பாக்க வேண்டியது கிணறு. கை கழுவுறதுக்குப் பிள்ளையள் கிணத்தடிக்குப் போகவே கூடாது எண்டு நினைச்சுக்கொண்டு எல்லாத்தையும் ஒழுங்குபடுத்துங்கோ. கிணத்துக்கு வலை போட்டு, அந்தப் பக்கம் வாங்கை வச்சு மறிச்சு, கழுவுற பேசினையும் வாளியையும் படலைப் பக்கமா வச்சனாங்கள். வாளியிலும் தண்ணி அரைவாசிக்குக் குறைவாத்தான். அடுத்தது வேலி. இலையும் பூவும் பொறுக்கக் கூட்டிக்கொண்டு போகப் போறம் எண்டபடியா முதல் நாள் பின்னேரம் நான் ஒருக்காத் தனியா வளவைச் சுத்தி வந்தனான். மஞ்சள் அலரி நிண்டா அந்தப் பக்கமே விடாதேங்கோ, கொட்டை மட்டுமில்லை மரம் முழுக்க நஞ்சு, இதயத்தைத்தான் பிடிக்கும். எருக்கலைப் பால் கண்ணில பட்டாப் பெரிய கரைச்சல். ஊமத்தையும் அப்பிடித்தான். குண்டுமணியைச் சில பேர் பசையில ஒட்டி வேலைப்பாடு செய்யக் குடுக்கினம், வடிவுதான், ஆனா கடிச்சு உடைச்சு விழுங்கினா உயிருக்கு வினை. மஞ்சாடி குண்டுமணி அளவுக்கு நஞ்சில்லாட்டியும் மூக்குக்குள்ள போகக் காணும். நான் பூவரசு, வேம்பு, கிளுவை, முருங்கை, பலா எண்டு அஞ்சு மரத்தைக் காட்டி, இதில மட்டும்தான் பிடுங்கலாம் எண்டு சொல்லி விட்டன். அஞ்சு வயசுக்காரர் ஒராள் அதைச் சட்டமா எடுத்து மற்ற எல்லாரையும் காவல் காத்தவர்.

பேப்பருக்கு அரைவாசி டிமை பேப்பர் எண்டு விக்கிற பெரிய தாள், அரைவாசி பழைய கலண்டரின்ர பின்பக்கம். கலண்டர்த் தாள் மொத்தம், ஈரத்துக்குத் தாங்கும். சீமெந்துப் பையின்ர உள்மட்டையைச் சிலர் எடுப்பினம், அதை நான் வேண்டாம் எண்டு விட்டிட்டன், எவ்வளவு தட்டினாலும் சீமெந்துத் தூள் இருக்கும், தோலைக் கடிக்கும். சோளகக் காத்து இன்னும் முழுக்க அடங்கேல்லை, அதால தாளின்ர நாலு மூலைக்கும் உடுப்புக் கிளிப் போட்டு மட்டையோட பிடிச்சுக் குடுத்தம். கீறி முடிச்சதை மட்டையோடயே கொடியில கொழுவலாம், அது வசதி.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடக்கிற நேரம். இருபத்தைஞ்சு நாளும் பின்னேரத்தில ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் இருக்கினமில்லை, அதால சனிக்கிழமை காலமை ஒம்பதில இருந்து பதினொண்டு வரைக்கும் எண்டு வச்சது. வெயில் ஏற முதல் முடிஞ்சிடும்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். பெயின்ற் செய்யிறது ஒரு வேலையே இல்லை. பிள்ளையளோட வாற பெரியாக்களின்ர கையைக் கட்டி வைக்கிறதுதான் வேலை. எங்கட ஊரில பிள்ளை தனிய வராது, தாய் வரும், அப்பம்மா வருவா, சில நேரம் சித்தியும் வருவா. வந்தா நிண்டு பாக்கிறேல்லை. "அப்பிடியில்லை அப்பன், இஞ்ச விடு, அம்மா கீறித் தாறன்" எண்டு பிள்ளையின்ர கையைப் பிடிச்சு வீடு கீறி, தென்னைமரம் கீறி, ரண்டு மலைக்கு நடுவில சூரியனையும் வச்சு விடுவினம். யாழ்ப்பாணத்தில எங்கயப்பா மலை இருக்கு? கீரிமலைக்குப் போனாலும் கேணியும் கடலும்தானே. ஆனா இஞ்ச பிறந்து வளந்த அவ்வளவு பேரின்ர கொப்பியிலும் அந்த ரண்டு மலையும், நடுவில ஒரு ஆறும் கிடக்கும். வழுக்கியாறு ஒண்டுதான் எங்களுக்கு ஆறு எண்டு, அதுவும் மாரிக்குத்தான் ஓடும். அந்த மலை எங்க இருந்து வருது எண்டு பாத்தா இப்பிடிப் பிடிச்ச கையிலதான் வருது.

அதால மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலைக் கழகத்தில சித்திரம் படிச்ச தங்கச்சி ஒராளைக் கேட்டு ரண்டு பேருமாக் கதைச்சு, பெரியாக்களுக்கு மாமரத்துக்குக் கீழ தனியாப் பாய் போட்டம். பாயில ஒரு கட்டுக் குருத்தோலை, ரண்டு கத்தரிக்கோல், ஒரு சுளகு நிறையப் பூவரசம் இலை. "ஆச்சி, இதுகளுக்கு ஓலைப்பாம்பு பின்னிக் குடுங்கோ, இப்பத்தைய பிள்ளையளுக்குத் தெரியாது" எண்டு சொன்னதுதான் தாமதம், முன்வீட்டு ஆச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. ஒராள் கிலுக்குப் பின்ன, ஒராள் காத்தாடி செய்ய, எனக்கு மறந்துபோச்சு எண்ட ஆளுக்கு மற்றவை காட்டிக் குடுக்க, பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுற சத்தம் வேற. ஒருத்தரும் இஞ்சாலப் பக்கம் திரும்பேல்லை. ஒரேயொரு தாய் மட்டும் போனோட எழும்பி எழும்பி வந்தவா. அவாவைக் கலர் கப் நிரப்புற வேலைக்கு விட்டாச்சு.

பிள்ளையளுக்கு நாங்கள் மாதிரிப் படம் ஒண்டும் வைக்கேல்லை. இண்டைக்கு மயில் கீறுவம், தேர் கீறுவம் எண்டு தலைப்பும் இல்லை. முதல் மூண்டு கலர்தான் வச்சம், செம்பாடு, மஞ்சள், கரி. கனக்க வச்சா எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து முதல் பத்து நிமிசத்திலயே சேறாக்கி விடுவினம், பிறகு அலுத்துப்போகும். ஒண்டு ஒண்டா இறக்கினா ஒவ்வொருக்காலும் ஓடி வருவினம். கடைசியில சேறாத்தான் போகும், அது போகட்டும்.

நாலு வயசுக்குக் கீழ இருக்கிறதுகள் வெறும் வட்டமும் இழுவையும்தான். விக்டர் லோவன்பெல்ட் எண்டு ஒஸ்ரியாக்காரர் ஒராள், பிறகு அமெரிக்காவில படிப்பிச்சவர், ரண்டில இருந்து நாலு வயசு வரைக்கும் கிறுக்கல் பருவம் எண்டு பிரிச்சிருக்கிறார். கை ஆடுறதும் தாளில தடம் விழுறதும்தான் அந்த வயசுக்குச் சந்தோசம், அது என்ன படம் எண்டு கேக்கிறதில அர்த்தம் இல்லை. கேட்டா எங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது பேர் சொல்லும், ரண்டு நிமிசத்தில வேற பேர் சொல்லும். நாலு தாண்டினாத்தான் ஆள் கீறத் தொடங்கினம், அதுவும் தலையில இருந்து நேரா ரண்டு கால் இறங்கும், உடம்பு இல்லை. ஒரு பெட்டை தன்ர அப்பம்மாவைக் கீறினவள். தலை, தலைக்குக் கீழ ரண்டு நீட்டுக் கால், கழுத்துமில்லை வயிறுமில்லை. ஆனா ரண்டு பக்கமும் மஞ்சளில விரலால குத்தின தோடு, மூக்குக்குக் கிட்டக் கரியில சின்னன் சின்னனா மூண்டு புள்ளி. அந்த மச்சம் அப்பம்மாவின்ர கன்னத்தில உண்மையாவே அந்த இடத்திலதான் இருக்கு. அப்பம்மா ஓலையை விட்டிட்டு வந்து பாத்து, "வயித்தைக் காணேல்லையடி" எண்டு சொல்லச் சொல்லவே கன்னத்தைத் தடவிப் பாத்தவா.

ஒரு பெடியன் வந்ததில இருந்து கரியை மட்டும்தான் எடுத்தவன். தாள் முழுக்கக் கறுப்பு, தாள் கிழியுமட்டும் கறுப்பு, அடுத்த தாளும் கறுப்பு. தாய்க்கு முகம் மாறிப்போச்சு, "ஏன் அன்ரி இவன் கறுப்பு மட்டும் அடிக்கிறான், ஏதும் பிரச்சினையோ" எண்டு என்னட்ட மெல்லக் கேக்கிறா. நான் பாத்தமட்டில அவனுக்கு ஊமல்கரி ஓடுற விதம்தான் பிடிச்சது, பசையோட சேந்து தார் ஊத்தின மாதிரி மினுங்கிறது அதுதான். ஒரு நிறத்தை வச்சு மனசைப் படிக்கிற வேலைக்கு நாங்கள் போகத் தேவையில்லை. இதுக்கிடையில "பரிசு இருக்கோ, ஆர் பெஸ்ற்" எண்டும் ரண்டு பேர் கேட்டவை. பரிசும் இல்லை, சேர்ட்டிபிக்கற்றும் இல்லை. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப் சோதினைக்கு இன்னும் நாள் கிடக்கு.

எல்லாரும் கொஞ்சம் களைக்கத் தொடங்கேக்க மஞ்சள் தாளை எடுத்தம். இது வேலை குறைவு, ஆனா அண்டைக்கு எல்லாரும் வாயைப் பிளந்தது இதுக்குத்தான். முதல் நாளே தடிச்ச வெள்ளைத் தாளில மஞ்சள் கரைச்ச தண்ணியைப் பூசிக் காயவிட்டு வச்சிருந்தனான். பிள்ளையளுக்குக் குடுத்தது ஒரு கப் தண்ணியில ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைச்சது, பாக்க வெறும் தண்ணி. அதில விரலைத் தோய்ச்சு மஞ்சள் தாளில இழுத்தாச் செங்கபிலக் கோடு எழும்பும். பிறகு தேசிக்காய்ப் பாதியால அதுக்கு மேல தேய்ச்சாக் கோடு மறைஞ்சு திரும்ப மஞ்சள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்துக் குங்குமம் செய்யிறதும் இதே வேலைதான், காரம் பட்டாச் சிவப்பு, புளி பட்டா மஞ்சள். சுண்ணாம்பு போட்டா இன்னும் நல்ல சிவப்பு வரும், ஆனா கையும் கண்ணும் எரியும், சின்னாக்களுக்கு அப்பச்சோடாவே காணும். மிஞ்சின சங்குப்பூத் தண்ணிக்குள்ளயும் தேசிக்காய் விட்டுக் காட்டினம், நீலம் ஊதாவாப் போச்சு. செவ்வரத்தம்பூ இதழைத் தாளில தேய்ச்சு அதிலயும் செய்யலாம். ஏழு வயசுக்காரர் உடன வீட்டில இருக்கிற எல்லாத்துக்கும் தேசிக்காய் விட்டுப் பாக்க வெளிக்கிட்டார், தேத்தண்ணி வரைக்கும்.

அச்சுக்கு வெண்டிக்காயைக் காம்புப் பக்கமா வெட்டினா அஞ்சு மூலைப் பூ, வாழைத்தண்டைக் குறுக்க வெட்டினா வட்டத்துக்குள்ள வட்டம், வாழைமட்டையை வெட்டினாக் கண்ணறை கண்ணறையாப் பிறை. வெட்டினவுடன கொஞ்ச நேரம் துணியில கவிழ்த்து வைக்க வேணும், ஈரத்தோட குத்தினாப் பெயின்ற் ஒட்டாது, வழிஞ்சுதான் போகும். இலைக்கு எப்பவும் பின்பக்கம் பூசுங்கோ, நரம்பு அங்கதான் எழும்பி நிக்கும். பலா இலை வழுவழுப்பு, பெரிசா வராது. பூவரசுதான் நல்லம்.

சாப்பாட்டுக்குத் திருவிழா விரதம் எண்டபடியா மீன் ரோல்ஸ் கதைக்கே இடமில்லை. அவல், வாழைப்பழம், தேசிக்காய்த் தண்ணி. கை கழுவினாத்தான் தட்டு எண்டு சொல்லி விட்டா ஒருத்தரும் கழுவ மாட்டன் எண்டு நிக்கினமில்லை. ரண்டு பேசின் வையுங்கோ, முதலாவதில அழுக்குப் போக, ரண்டாவதில சவுக்காரம். மிஞ்சின பெயின்ற்றைக் குசினிச் சிங்குக்குள்ள ஊத்தாதேங்கோ, பசையும் மண்ணும் சேந்து குழாயை அடைச்சிடும். நாங்கள் வாழையடியில ஊத்தினது.

படங்களைக் கொடியில காயவிட்டு, சுருண்டதைத் தலையணைக்குக் கீழ வச்சு நிமித்தினது. பனங்களிப் படத்தை உடன எறும்பு பிடிச்சிட்டுது, அதை வெளிச்சுவரில ஒட்டி விட்டாச்சு. பசைப் படங்களை அலுமாரிக்குள்ள வைக்காதேங்கோ, கரப்பானுக்கு மா எண்டா உயிர். போட்டோ எடுக்கிறதெண்டா அண்டைக்கே எடுங்கோ, ஏனெண்டால் பீட்றூட் ரோசா வெளிச்சத்தில வெளிறிக் கபிலமாப் போச்சு, மஞ்சளும் வெயில் பட்ட பக்கம் மங்கிட்டுது, சங்குப்பூ நீலம் சாம்பல். செம்பாடும் கரியும் அப்பிடியே நிக்குது. மண்ணிறத்தை வெயில் ஒண்டும் செய்யேலாது.

இனி எல்லாரும் கேட்ட உடுப்புக் கதை. செம்பாட்டை ஈரத்தில தேய்க்காதேங்கோ, தேய்ச்சா நூலுக்குள்ள இறங்கிடும். காயவிட்டு உதறி, பிறஷ்சால தட்டிப்போட்டுத் தோய்ச்சா முக்கால்வாசி போகும். மஞ்சள் சவுக்காரம் பட்டவுடன சிவக்கும், பயப்பிடாமல் அலசி நல்ல வெயிலில போடுங்கோ, தானா மங்கும். பீட்றூட் பச்சைத்தண்ணிக்கே போகும். கரிக்கு ரண்டு மூண்டு தரம் தோய்க்க வேண்டி வரும். வாழைத்தண்டு வெட்டேக்க வடியிற கயர் மட்டும் ஒண்டுக்கும் அசையாது, கயர் பட்ட சேட்டை டிசம்பர் லீவுக்கு எடுத்து வையுங்கோ, மழை எண்டபடியா அப்ப விறாந்தையிலதான் வைப்பம், களிமண் வேலை.